சீட்டுக் கொடுக்காத உபதேசியார்

அரூரிலிருந்து வரும் பத்தரை மணி பஸ் அன்று எங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றது. அங்கே அது நிற்கிற வழக்கமில்லை. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே என்னைப் பார்த்துக் கத்தினார்: "வாத்தியாரே, உங்க உபதேசியாரு ஆஸ்பத்திரில காத்தால தவறிட்டாருங்க. ஒடம்ப எடுத்தார வண்டி அனுப்பச் சொன்னாங்க." சொல்லிவிட்டு விசில் ஊதினார். பஸ் போய்விட்டது. கையில் சுண்ணாம்புக்கட்டியோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

மாசிலாமணி உபதேசியாருக்கு ஒரு வாரமாகவே காய்ச்சல். வத்தல்மலைக்குப் போய் வந்தால் அவருக்குக் காய்ச்சல் வருவதும், கொயினா மாத்திரையை விழுங்கிவிட்டு எழுந்து நடப்பதும் வருஷா வருஷம் நடப்பதுதான். இந்தத் தடவையும் எழுந்து வந்துவிடுவார், வந்து என் உயிரை வாங்குவார் என்றுதான் இருந்தேன். செய்தி கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. வண்டிக்கு எங்கே போவது என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது. ஏனென்றால் எங்கள் சபையில் கூண்டு வண்டி வைத்திருந்தவன் ஒரே ஒருவன், என் தம்பி தாவீது. அவனும் நானும் பேசி எட்டு வருஷம் ஆகியிருந்தது.

உதவி ஆசிரியரை அவன் வீட்டுக்கு அனுப்பினேன். கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது, வண்டி பள்ளிக்கூடத்தைத் தாண்டி அரூர் ரோட்டில் ஓடியது. தாவீது முன்னால் குந்தியிருந்தான். மேலே சட்டைகூடப் போடவில்லை. ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிறு எரிந்தது. அன்றைக்கு வராத வண்டி இன்றைக்கு எப்படிப் பறக்கிறது பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். செத்தவருக்காக அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை ஜெபிக்கவில்லை. எழுத உட்கார்ந்துவிட்டேன், இதை மறைத்துப் புண்ணியமில்லை.

நம் சபைப் பத்திரிகைக்கு அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதிக்கொடுங்கள் என்று மூப்பர்கள் கேட்டு நான்கு மாதம் ஆகிறது. துக்கத்தில் எழுத முடியவில்லை என்று சொல்லி நாளைத் தள்ளினேன். உண்மையில் எனக்குக் கோபம். அவர்மேல் கோபம், உங்கள்மேல் கோபம். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து அவரைப் பரிசுத்தவான் என்றீர்கள், ஜெபவீரர் என்றீர்கள். அவரா ஜெபவீரர்? அவர் ஜெபம் செய்தால் நாம் கண்ணை மூடுவதற்குள் ஆமென் வந்துவிடும். நீண்ட ஜெபம் செய்பவன் இந்தச் சபையில் நான்தான். அதை வைத்து எத்தனையோ பேர் கேலி செய்ததும் எனக்குத் தெரியும். உயிரோடு இருந்தவரை அவரைப் பற்றி நீங்கள் பேசியது வேறு. பேசியவர்களில் நானும் ஒருவன். அதைப் பிறகு சொல்கிறேன்.

வெளியூரில் இதைப் படிப்பவர்களுக்காக எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் குருப்பட்டம் பெற்ற போதகர் கிடையாது. ஆராதனை நடத்துவதும் வீடு வீடாகப் போவதும் உபதேசியாரின் வேலை. ஞானஸ்நானமும் இராப்போஜனமும் கொடுக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐயர் வருவார். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். பொம்மிடியில் ரயில் இறங்கி ஜட்கா பிடித்து வருவார், ஆராதனை முடித்துச் சாப்பிட்டுவிட்டு அதே ஜட்காவில் போய்விடுவார். அதற்கு முந்தின சனிக்கிழமை உபதேசியார் ஒரு தகர டப்பாவோடு வீடு வீடாக வருவார். டப்பாவில் சின்னச் சின்ன அட்டைச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு மையால் ஒரு சிலுவை போட்டிருக்கும். அந்தச் சீட்டை ஞாயிற்றுக்கிழமை மூப்பர் கையில் கொடுப்பவர்தான் முன்னால் போய் முழங்கால் போட்டு இராப்போஜனத்து அப்பமும் திராட்சரசமும் வாங்கலாம். சீட்டில்லாதவர் இடத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

மற்ற ஊர்களில் சீட்டுக் கொடுக்கும் உபதேசியார்கள் கேட்கிற கேள்விகள் நமக்குத் தெரியும். குடும்ப ஜெபம் நடக்கிறதா, வேதம் வாசிக்கிறாயா, குடிக்கிறாயா, ஓய்வுநாளில் ஏர் பூட்டினாயா என்று ஒரு பட்டியல் இருக்கும். மாசிலாமணி உபதேசியார் இதில் ஒன்றையும் கேட்டதில்லை. வாசலில் நின்று குடையை மடக்குவார். ஒரே கேள்வி: "யார்கிட்டயாவது பேசாம இருக்கீங்களா?"

இல்லை என்றால் சீட்டு. ஆமாம் என்றால் டப்பா மூடிக்கொள்ளும். எனக்கு இது ஆரம்பத்திலிருந்தே பொறுக்கவில்லை. சாயங்காலமானால் கள்ளுக்கடைப் பக்கம் போகிறவன் எல்லாரிடமும் சிரித்துப் பேசுகிறான் என்பதற்காகச் சீட்டு வாங்கிக்கொண்டு போவான். விடியுமுன்னே எழுந்து ஜெபிக்கிற சாராளம்மாளுக்கு, கோழி விஷயத்தில் பக்கத்து வீட்டு மார்த்தாளோடு பேச்சில்லை என்பதற்காகச் சீட்டு இல்லை. என்ன நியாயம் இது என்று ஒருநாள் நேராகவே கேட்டேன். பரிசுத்த ஜீவியம் என்றால் ஜெபமும் உபவாசமும் ஓய்வுநாளும் இல்லாமல் வேறென்ன என்றேன்.

"அதெல்லாம் பெருசுதானுங்க வாத்தியாரே," என்றார். "ஆனா ஒருத்தரு ஜெபம் பண்றது நெசமா சும்மாவான்னு ஆண்டவருக்குத்தான் தெரியும். எனக்கு எங்க தெரியுது? பேசாம இருக்கறது ஊருக்கே தெரியுது. எனக்குத் தெரிஞ்சத நான் கேக்கறேன். தெரியாதத அவரு கேட்டுக்கட்டும்."

இதனால் ஊரில் ஒரு கூத்து நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஐயர் வருகிற வாரம் சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் சபையார் ஓட்டமும் நடையுமாக அலைவார்கள். மூன்று மாதமாக முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் வேலியோரம் போய் நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டு வருவார்கள். சாராளம்மாள் மார்த்தாளைப் பார்த்து "என்ன, மழ வர்றாப்புல இருக்குதா?" என்பாள். வானத்தில் பொட்டு மேகம் இருக்காது. மார்த்தாள் "ஆமாங்க, இருக்குது" என்பாள். இரண்டு பேருக்கும் சீட்டு. திங்கட்கிழமை பழையபடி கோழிச்சண்டை. இதற்கு நான் சனிக்கிழமைச் சமாதானம் என்று பெயர் வைத்தேன். ஊர் முழுக்க அந்தப் பெயர் பரவியது.

உபதேசியார் காதுக்கும் அது போனது. அவர் சிரித்தார். எனக்கு அவர் சிரித்ததுதான் பிடிக்கவில்லை. "இது மாய்மாலம், நீங்கள் ஜனங்களை மாய்மாலக்காரர்களாக ஆக்குகிறீர்கள்" என்றேன். "பொய்யாப் பேசினாலும் பேச்சு பேச்சுதானுங்களே" என்றார். "மூணு மாசத்துக்கு ஒருக்கா மூஞ்சியப் பாக்கறாங்க. அதுகூட இல்லன்னா மூஞ்சியே மறந்து போயிருமுங்க." இப்படிப் பேசுகிற மனிதரிடம் என்ன வாதம் செய்வது? நான் வேதசாஸ்திரப் பரீட்சை எழுதித் தேறியவன். அவர் எட்டாவதோடு நின்றவர். வாதத்தில் ஒருநாளும் அவரை ஜெயித்தேன் என்று எனக்குத் தோன்றியதில்லை.

இனி என் விஷயம். யுத்தம் தொடங்கிய வருஷம் பங்குனியில் என் மனைவி எஸ்தருக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் காலையில் கண் செருக ஆரம்பித்தது. அரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் ஊர் வழியாக அரூருக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். காலை பஸ் போய்விட்டது. நான் தாவீதிடம் ஓடினேன். அவன் வண்டியில் புளி மூட்டை ஏற்றிக் கட்டி முடித்திருந்தான். பொம்மிடியில் வியாபாரி காத்திருக்கிறார், கூட்ஸ் வண்டியில் ஏற்ற வேண்டும் என்றான். "அண்ணிக்குக் காய்ச்சல்தானுங்களே அண்ணா. மூட்டைய எறக்கிப் போட்டுட்டு நேரா வூட்டுக்கு வந்துடறனுங்க. மத்தியானத்துக்குள்ள வந்துருவன்" என்றான். போய்விட்டான். மத்தியானம் இரண்டு மணிக்கு எஸ்தர் போய்விட்டாள். நாலு மணிக்கு அவன் வண்டி வந்தது. மாடுகளின் வாயில் நுரை தள்ளியிருந்தது. நான் வாசலில் நின்று அவன் முகத்தைப் பார்த்து, "இனி இந்த வூட்டு வாசப்படி ஏறாதே" என்றேன். அதுதான் நான் அவனிடம் பேசிய கடைசிப் பேச்சு.

எஸ்தரை அடக்கம் செய்து இரண்டு மாதம் கழித்து ஐயர் வரும் வாரம் வந்தது. சனிக்கிழமை உபதேசியார் வாசலில் வந்து நின்றார். குடையை மடக்கினார். என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு மனசு வராது என்று நான் நம்பினேன். கேட்டார்.

"உங்களுக்கே தெரியும், என்னத்துக்குக் கேட்கிறீர்கள்?" என்றேன்.

"தெரியுமுங்க. இருந்தாலும் உங்க வாயால சொல்லோணுமுங்க."

"என் பெண்சாதியைக் கொன்றவனோடு நான் எதற்காகப் பேச வேண்டும்?"

அவர் குடையை மறுபடி விரித்தார். டப்பாவைத் திறக்கவில்லை. "நான் மறுக்கா வாரனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் இந்தச் சபையின் மூப்பன், பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியன். இறந்த மனைவிக்குத் துக்கம் கொண்டாடுகிறவன். என் வீட்டு வாசலில் சீட்டு மறுக்கப்பட்டது. சனிக்கிழமைச் சமாதானம் செய்துகொண்டு போன சாராளம்மாளுக்கும் மார்த்தாளுக்கும் சீட்டு இருந்தது. எனக்கு இல்லை. நானும் வேலியோரம் போய் தாவீதிடம் மழை வருமா என்று கேட்டிருக்கலாம். என் மானம் இடம் கொடுக்கவில்லை.

மறுநாள் நான் மூப்பர்களுக்குப் போட்ட முன் பெஞ்சில் உட்காரவில்லை. பின்சுவரை ஒட்டிப் பாயில் உட்கார்ந்தேன். ஐயர் அப்பத்தை ஆசீர்வதித்தார். ஜனங்கள் எழுந்து முன்னால் போனார்கள். அப்போது உபதேசியார் தம் இடத்திலிருந்து எழுந்தார். முன்னால் போவார் என்று பார்த்தால் பின்னால் வந்தார். என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். ஐயர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். இவர் தலையைக் குனிந்தபடி இருந்தார். இராப்போஜனப் பந்தி முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

மூன்று மாதம் கழித்தும் அப்படியே நடந்தது. அதற்கு அடுத்த தடவையும் அப்படியே. சீட்டும் தர மாட்டார், பக்கத்திலும் வந்து உட்காருவார். எனக்குத் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. ஊரே திரும்பிப் பார்க்கிறது. ஒருநாள் ஆராதனை முடிந்ததும் அவரைப் புளியமரத்தடிக்கு இழுத்துப்போய், "நான் எழுந்து போய்விடுவேன் என்று காவல் இருக்கிறீரா?" என்று கத்தினேன். மரியாதைகூட மறந்துவிட்டது.

"காவலு இல்லீங்க," என்றார். "எல்லாரும் முன்னால போயிர்றாங்க. நீங்க தனியா ஒக்காந்திருக்கீங்களேன்னுதான்."

இதைக் கேட்டு நான் உருகிப்போனேன் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். நான் உருகவில்லை. வீட்டுக்குப் போய் ஐயருக்கு ஒரு கடிதம் எழுதினேன். உபதேசியார் தம் இஷ்டத்துக்குச் சீட்டு மறுக்கிறார் என்றும், அவரே பந்திக்கு வராமல் பின்னால் ஒதுங்கியிருக்கிறார், அவருக்குள்ளே என்ன பாவம் மறைந்திருக்கிறதோ விசாரிக்க வேண்டும் என்றும் எழுதினேன். எழுதியதோடு நிற்காமல் இரண்டு மூப்பர்கள் காதிலும் போட்டேன். அது எப்படிப் பரவியது என்று உங்களுக்கே தெரியும். தனிக்கட்டையாக இருக்கிற மனிதர், அடிக்கடி மலைக்குப் போகிறார், அங்கே யாரைப் பார்க்கப் போகிறார் என்றுகூடப் பேசினீர்கள். அவர் மலைக்குப் போனது அங்கே காய்ச்சலில் கிடப்பவர்களுக்குக் கொயினா மாத்திரை கொடுக்க. மலையிலிருந்து அவர் ஒருவரையும் ஞானஸ்நானத்துக்குக் கூட்டிக்கொண்டு வரவில்லை, அது இன்னொரு புகார்.

ஐயர் வந்து விசாரித்தார். மூப்பர்கள் முன்னால் உபதேசியாரை நிற்க வைத்து, "நீர் ஏன் இராப்போஜனம் எடுப்பதில்லை?" என்று கேட்டார். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். வாத்தியாருக்காக என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கடிதம் என் முகத்திலேயே விழுந்திருக்கும். "இன்னும் ஆயத்தப்படலீங்க ஐயரே" என்று மட்டும் சொன்னார். அவரைக் குருப்பட்டத்துக்கு முதல் படியான டீக்கனாராக உயர்த்துவதற்கு அந்த வருஷம் ஒரு பேச்சு இருந்தது. அது அதோடு நின்றுபோனது. நான் வீட்டுக்கு வந்து சந்தோஷப்படப் பார்த்தேன். முடியவில்லை.

அடுத்து நான் செய்தது வெட்கக்கேடு. பொம்மிடியில் ரயில்வேக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சின்னச் சபை ஒன்று இருந்தது. அங்கே இராப்போஜனம் வேறு ஞாயிற்றுக்கிழமையில். விடிந்ததும் நடக்கத் தொடங்கி, வெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்தேன். தலைமை ஆசிரியர் என்று சொன்னதும் கேள்வியே இல்லாமல் முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். முழங்கால் போட்டேன். வாங்கினேன். கூட்ஸ் வண்டி ஒன்று ஊதிக்கொண்டு போனது. புளி மூட்டை ஏற்றியது இந்த ஸ்டேஷனில்தானே என்று அந்த நேரத்திலா ஞாபகம் வர வேண்டும்? அப்பம் தொண்டையில் நின்றது.

ஒரு வாரத்தில் இது உபதேசியாருக்குத் தெரிந்துவிட்டது. கோபிப்பார் என்று காத்திருந்தேன். கோபித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "பொம்மிடில குடுத்தாங்களாமே. நல்லதாப் போச்சுங்க" என்றார். கொஞ்ச தூரம் போனவர் திரும்பி, "ருசியா இருந்துதுங்களா?" என்று கேட்டார். பரிகாசம் போலவே இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதற்குப் பிறகு நான் பொம்மிடிக்குப் போகவில்லை.

இப்படியே எட்டு வருஷம் ஓடியது. யுத்தம் நடந்தது, முடிந்தது. அரிசிக்கு ரேஷன் வந்தது, சுதந்திரம் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் வாசலில் நின்று குடையை மடக்கிக் கேட்பார், நான் ஆமாம் என்பேன், டப்பா திறக்காது, மறுநாள் பின்சுவரோரம் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம். தாவீது கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டான். அவன் வீட்டுக்கும் உபதேசியார் போகிறார் என்று தெரியும். அங்கே என்ன பேசுகிறார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கடைசியாக அவர் என் வாசலில் நின்றபோது உடம்பு வற்றியிருந்தது. "ஒண்ணு மட்டும் சொல்றனுங்க வாத்தியாரே. பேசாம இருக்கறவங்களுக்கு உள்ள எப்பவும் ஒரு பேச்சு இருக்குமுங்க. அத யாருகிட்ட சொல்லோணுமோ அவங்ககிட்ட சொல்லாமதான் பேசாம இருக்காங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கதவைச் சாத்திக்கொண்டேன்.

அடக்கத்தன்று பெட்டியைத் தூக்கியபோது முன்னால் இடப்பக்கம் தாவீது, பின்னால் வலப்பக்கம் நான். கல்லறைத் தோட்டம்வரை அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். தோளில் ஒரே சுமை. அப்போதாவது பேசுவோம் என்று ஊர் எதிர்பார்த்தது. நாங்கள் பேசவில்லை. அவன் மண் போட்டுவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு வாரத்தில் புது உபதேசியார் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நல்ல குரல், ஒழுங்கான மனிதர். அவரைக் குறை சொல்லவில்லை. சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். "தலைமை ஆசிரியர் அல்லவா, உங்களுக்கு இல்லாமலா?" என்று சொல்லிச் சீட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு கேள்வி இல்லை. எட்டு வருஷமாக நான் கேட்டது என் உள்ளங்கையில் இருந்தது. இனி என் வாசலில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்க உலகத்தில் ஒரு ஆள் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

மறுநாள் பின்சுவரோரம் உட்கார்ந்தேன். பக்கத்தில் யாருமில்லை. ஜனங்கள் எழுந்து முன்னால் போனார்கள். நானும் எழுந்தேன். கால் வாசலைப் பார்த்து நடந்தது. வெயிலில் தாவீது வீடுவரை போய்விட்டேன். அவன் வேப்பமரத்தடியில் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைத் துடைக்காமலே எழுந்து நின்றான்.

"வாங்கண்ணா," என்றான். "அன்னிக்கு நான் மூட்டைய அங்கயே எறக்கிப் போட்டுட்டு அப்பவே வந்திருக்கோணுமுங்க..."

"அதை விடு," என்றேன். "நான் ஒன்று சொல்ல வேண்டும்."

எட்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததை அங்கே நின்றபடி சொன்னேன். எஸ்தருக்குக் கண் செருகிய அந்தக் காலையில் பஸ் முன்னாலேயே போய்விடவில்லை. வந்தது. எங்கள் வீட்டு முனையில் நின்று ஆரன் அடித்தது. நான் அவள் கட்டிலோரம் முழங்காலில் இருந்தேன், குடும்ப ஜெபம். "பஸ்ஸு வந்துருச்சுங்க" என்று அவள் முனகினாள். பேசாதே என்று கையைக் காட்டினேன். ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பஸ் பிடிக்க ஓடுவது தேவனுக்கு அவமரியாதை என்று அப்போது நினைத்தேன். ஆமென் சொல்லி எழுந்தபோது ரோட்டில் புழுதிதான் இருந்தது. அதற்குப் பிறகுதான் உன்னிடம் வண்டி கேட்க ஓடிவந்தேன். வண்டி கொடுக்காததற்காக உன்னைக் கொலைகாரன் என்றேன்.

தாவீது மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"எனக்குத் தெரியுமுங்கண்ணா."

"யார் சொன்னது? உபதேசியாரா?"

"கண்டக்டரு. அண்ணி செத்த மூணாம் நாளு. 'ஆரன் அடிச்சு அடிச்சுப் பாத்தன், வாத்தியாரு வூட்டுல யாரும் வரல'ன்னாரு. உபதேசியாருகிட்ட நாந்தானுங்க சொன்னன். 'உங்கண்ணன் வாயால வர்ற வரைக்கும் நீ வாயத் தொறக்காத, தொறந்தீனா அவரு நொறுங்கிப் போயிருவாரு'ன்னாரு. நானும் தொறக்கலீங்க."

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே உபதேசியாரே! எட்டு வருஷம்! மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து நின்று, எல்லாம் தெரிந்துகொண்டு, ஒன்றும் தெரியாதவர்போல் கேட்டுவிட்டுப் போனீரே. என் வாய் திறக்கும் என்று காத்திருந்து நீரும் பட்டினி கிடந்தீர், பெயரையும் கெடுத்துக்கொண்டீர். கெடுத்தவன் நான். உமக்கு அதுவும் தெரிந்திருக்கும். நான் திறந்தபோது நீர் இல்லை. இதற்காக உம்மேல் எனக்கு இருக்கிற கோபம் ஆறவில்லை. ஆறும் என்றும் தோன்றவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஐயர் மறுபடி வந்திருந்தார். தாவீது வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு என்னோடு கோயிலுக்கு வந்தான். புது உபதேசியார் சபையார் பெயர் ஜாபிதாவைப் புரட்டிப் பார்த்தார். எட்டு வருஷமாக வராதவன் பெயரை எப்போதோ அடித்துவிட்டார்கள். விசாரணை நடத்தி, மறுபடி சேர்த்துக்கொண்ட பிறகுதான் சீட்டு என்றார். ஒழுங்கான மனிதர் என்று சொன்னேனே. என் சீட்டு மட்டும் சட்டைப் பையில் இருந்தது. ஜனங்கள் எழுந்து முன்னால் போனார்கள். தாவீது என்னைப் பார்த்து, "நீங்க போங்கண்ணா" என்றான்.

எனக்கு மாசிலாமணி உபதேசியாரின் பொறுமை இல்லை, சிரிப்பு இல்லை, அன்பும் அவ்வளவு இல்லை. எனக்கென்று அவர் விட்டுப்போனது பின்சுவரோரம் அரைப் பாய் இடம். தாவீது பக்கத்தில் அதில்தான் உட்கார்ந்திருந்தேன், பந்தி முடியும்வரை. சீட்டு இருந்தும் வாத்தியார் ஏன் எழுந்து போகவில்லை, உள்ளே என்ன பாவமோ என்று இந்த வாரம் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறீர்களாம். பேசுங்கள்.